ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டு டீச்சர்கள்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு பாட்டு சிடி கடைக்கு மேல்மாடியில்தான் அப்போது என் நடன வகுப்பு நடந்தது. கீழே கடைக்காரர் ஸ்பீக்கரை வாசலில் வைத்துச் சினிமாப் பாட்டு போடுவார். மேலே நான் கட்டையில் தட்டித் தாளம் சொல்லிக்கொண்டிருப்பேன். சில நேரம் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவருடைய தாளத்துக்கு ஆடிவிடுவார்கள். சனிக்கிழமைகளில் எத்தனையோ முறை படியிறங்கிப் போய், "அண்ணே, கொஞ்சம் குறைங்கண்ணே" என்று கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே குறைப்பார். நான் மேலே வந்து சேர்வதற்குள் மறுபடியும் சத்தம் ஏறியிருக்கும்.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. கண்டெய்னர் பத்திரங்களைச் சரிபார்த்து லோரிக்காரர்களிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். செவ்வாய், வியாழன் மாலையும் சனிக்கிழமை முழுக்கவும் பரதநாட்டிய வகுப்பு. டீச்சர் ஆக வேண்டும் என்று நான் திட்டம் எதுவும் போட்டதில்லை. எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்த டீச்சர் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனபோது, "இந்த ஆறு பிள்ளைங்கள நீ பார்த்துக்கோ" என்று ஹால் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு இருபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகள் பதினெட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். சாவி என்னிடமே இருந்துவிட்டது.

சொல்லிக்கொடுப்பது எனக்கு வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படிச் சொல்லித்தந்தார்களோ அப்படியே நானும் சொல்லித்தந்தேன். முழங்கால்களை வெளிப்பக்கம் விரித்துப் பாதி உட்காரும் நிலையை அரைமண்டி என்போம். எங்கள் ஆட்டத்தின் அடிப்படையே அதுதான். ஒரு பிள்ளை சரியாக உட்காரவில்லை என்றால் பின்னால் போய் நின்று, இரண்டு முழங்காலையும் கையால் பிடித்து வெளியே தள்ளிவிடுவேன். "வலிக்குது டீச்சர்" என்றால், "வலிச்சாத்தான் வரும், பொறுத்துக்கோ" என்பேன். என் டீச்சர் என்னிடம் சொன்ன அதே வார்த்தை.

பின் வரிசையில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். சத்தமே போடாத பிள்ளை. ஒரு சனிக்கிழமை முட்டி வலிக்கிறது என்றாள். அதே பதிலைச் சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னாள். மூன்றாவது வாரம் எதுவும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "படி இறங்க முடியல டீச்சர்" என்றாள். அவள் அப்பா மேலே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அந்தக் குறுகலான படியில் அவள் கால் சுவரில் இடிக்காமல் இருக்க அவர் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கியதை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் அம்மா வந்தார். அவர் ஒரு மருத்துவமனையில் தாதி. சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து, என்ன பேசுவது என்று மனதுக்குள் தயார் செய்துகொண்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"ஆறு வாரம் கால ஆட்டாம வச்சிருக்கச் சொல்லியிருக்காங்க டீச்சர். அப்புறம் சரியாயிடும்னு சொல்றாங்க."

"நான் கவனிக்கலங்க. மன்னிச்சிருங்க."

"பரவால்ல. ஒண்ணு கேக்கலாமா? ஊசி போடுறதுக்கு முன்னாடி நான் மூணு வருஷம் படிச்சேன். இன்னைக்கும் வருஷா வருஷம் கோர்ஸ் போறேன். ஆடுறதுக்கு நீங்க படிச்சிருக்கீங்க, அது தெரியும். சொல்லிக்கொடுக்கிறதுக்கு எங்க படிச்சீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அது இன்னும் உள்ளே போய் உட்கார்ந்தது. அன்று மாலை வகுப்பில் யார் முழங்காலிலும் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, நடன ஆசிரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு ஒன்று பிரிக்பீல்ட்ஸில் தொடங்குவதாக முகநூலில் பார்த்தேன். ஒரு வருடம், மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. குழந்தைகளின் உடல் வளர்ச்சி, காயம் வராமல் கற்பிப்பது, பாடத் திட்டம் எழுதுவது, தொழில் திட்டமிடுவது என்று போட்டிருந்தது. என் கணவரிடம் சொன்னேன். அவர் ஷா ஆலாமில் தொழிற்சாலையில் டெக்னீஷியன். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார்.

"பன்னண்டு வருஷமா சொல்லிக்கொடுத்தாச்சு. இன்னும் என்னலா படிக்கப் போற?"

"பன்னண்டு வருஷமா படிக்காம சொல்லிக்கொடுத்திருக்கேன், அதான்."

எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. "சரி, ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்குறேன். மெகி மீதான் போடுவேன், கேக்கக் கூடாது" என்றார். சொன்னபடியே ஒரு வருடம் என் மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் மெகி நூடுல்ஸ்தான் சாப்பிட்டாள். அவளுக்கு அந்த வருடம் ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் ஞாயிறு வகுப்புக்குள் நுழைந்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. இரண்டாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அவரும் கிள்ளான்காரர்தான். செந்தூலில் ரயில்வே குடும்பத்தில் பிறந்து, கல்யாணம் செய்து கிள்ளானுக்கு வந்தவர். கத்தோலிக்கர். என் ஹாலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் அவரும் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தார். அதற்கு முந்தின வருடம் என்னிடம் படித்த அக்காள் தங்கை இருவர், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு அவர் வகுப்பில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதிலிருந்து பாசாரில் அவரைக் கண்டால் நான் காய்கறிப் பக்கம் குனிந்துகொள்வேன். வாங்க வேண்டியதே இல்லாத பாகற்காயையெல்லாம் அப்படி வாங்கியிருக்கிறேன்.

அன்று மூன்று மணி நேரமும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வகுப்பு விட்டதும் நான் வேகமாக நடந்து ரயில் நிலையத்துக்கு வந்தேன். கிள்ளான் பக்கம் போகும் ரயில் காத்திருந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் மூச்சு வாங்க ஏறினார். காலியாக இருந்தது என் எதிர் இருக்கை மட்டும்தான். உட்கார்ந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

ரயில் நகரவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். அவர் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

"எடுத்துக்குங்க டீச்சர். ஒட்டுக்கடையில இப்பதான் போட்டாங்க. வடை. சூடா இருக்கு."

"ரயில்ல சாப்பிடக் கூடாதுங்க."

"யாரு பாக்கப் போறா? தலையக் குனிஞ்சி சாப்பிடுங்க."

இரண்டு டீச்சர்களும் பள்ளிப் பிள்ளைகளைப் போல் தலையைக் குனிந்து கைப்பைக்குப் பின்னால் வடை தின்றோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சுபாங் ஜெயா வருவதற்குள் எத்தனை பிள்ளைகள், எந்த ஊர்ப் பெற்றோர், யார் எப்போதும் தாமதமாக வருகிறார்கள் என்று பேச ஆரம்பித்திருந்தோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்று தெரிந்ததும் டீச்சர் என்பதை விட்டு அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'நீ' என்று சொல்ல இன்னும் இரண்டு ஞாயிறு ஆனது.

அந்தப் படிப்பில் நான் மறக்காத நாள், ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்த நாள். பெரிய பையிலிருந்து பிளாஸ்டிக் இடுப்பெலும்பும் கால் எலும்புகளும் எடுத்து மேசையில் வைத்தார். நாங்கள் பதினைந்து பேர் சுற்றி நின்றோம். முழங்கால் முன்னும் பின்னும் மடங்கும், அது பக்கவாட்டில் திரும்புவதற்கு ஆன மூட்டு இல்லை, கால் விரிவது இடுப்பிலிருந்துதான் என்று எலும்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இடுப்பில் அந்தக் குழி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்குமாம். ஒரு பிள்ளைக்கு விரிகிற அளவு இன்னொரு பிள்ளைக்கு விரியாது. விரியாத இடத்தில் வெளியிலிருந்து தள்ளினால் பாரமெல்லாம் முட்டியில் போய் விழும்.

எங்களைத் தரையில் படுக்க வைத்து அவரவர் இடுப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். இருபத்தைந்து வருடம் அந்த இடுப்பை வைத்து ஆடியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எங்கே திரும்புகிறது என்று கை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் படுத்திருந்த அக்கா கூரையைப் பார்த்தபடி, "எத்தனை முட்டியத் தள்ளியிருப்போம்" என்று மெதுவாகச் சொன்னார். படியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி இறங்கிய அப்பாதான் கண்ணில் வந்தார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமையிலிருந்து என் வகுப்பில் கை வைத்துத் தள்ளுவது நின்றது. சிமெண்ட் தரைக்கு மேல் ரப்பர் பாய் வாங்கிப் போட்டேன். முதல் பத்து நிமிடம் உடலைச் சூடாக்கும் பயிற்சி மட்டும். ஆறு வாரம் முடிந்தும் வராமல் இருந்த அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நானே போன் செய்து, பாதி அளவு உட்கார்ந்தால் போதும், அனுப்புங்கள் என்றேன். அவரே கூட்டிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். போகும்போது, "இப்ப படிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"படிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டோம். அந்தப் பெண் அதற்குப் பிறகு ஐந்து வருடம் என்னிடம் ஆடினாள்.

படிப்பின் நடுவில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரே ஊர்க்காரர்களை ஜோடி சேர்த்து, ஒருவர் வகுப்பை இன்னொருவர் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதித் தர வேண்டும். கிள்ளானிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என் ஹாலுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குள் ஒரே குசுகுசுப்பு. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன நோட்டுப் புத்தகத்தில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு நான் வழக்கத்தைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்ததாக எனக்குள் ஒரு நினைப்பு. மூன்று முறையும் அப்படித்தான்.

மூன்றாவது முறைக்கு அடுத்த ஞாயிறு ரயிலில் நோட்டைத் திறந்து என்னிடம் கொடுத்தார். வாக்கியம் எதுவும் இல்லை. என் ஹாலின் படம் போட்டு, ஒவ்வொரு பிள்ளை நிற்கும் இடத்திலும் ஒரு வட்டம் வரைந்திருந்தார். நான் ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னாலோ, அருகில் போய்த் திருத்தினாலோ, அந்த வட்டத்தில் ஒரு கோடு. முன் வரிசை வட்டங்களில் கோடு போட இடமே இல்லை. நடு வரிசையில் ஒன்றிரண்டு. பின் வரிசையில் நான்கு வட்டம் சும்மா கிடந்தது. மூன்று நாளும் அப்படியே.

நோட்டை மூடி அவர் மடியில் வைத்தேன்.

"பின் வரிசை பிள்ளைங்க புதுசுக்கா. முன்னாடி இருக்கிறவங்களுக்கு மேடை வருது, அதான்."

"நான் தப்புன்னு சொல்லலம்மா. எண்ணினேன், அவ்வளவுதான்."

"எல்லாரையும் ஒரே மாதிரி பாக்க முடியுமா?"

"முடியாதுதான். என் வகுப்புக்கு வந்து நீயும் எண்ணு. எனக்கும் தெரியணும்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தச் சும்மா கிடந்த வட்டங்களில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். முட்டி வலிக்கிறது என்று இரண்டு வாரம் சொல்லி, மூன்றாவது வாரம் சொல்வதையே விட்டுவிட்டவளின் இடம். பத்து தீகாவில் ரயில் நின்றபோது என் கோபம் போய்விட்டிருந்தது. வேறொன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வருடமாக அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். அந்த ரெண்டு பிள்ளைங்க உங்ககிட்ட போனப்போ, இன்னொரு பிள்ளையோட அம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். சர்ச் ஹால்ல சலங்கை பூஜை எப்படி நடக்கும்னு கேட்டேன். நல்ல எண்ணத்துல கேக்கல."

"தெரியும்" என்றார். "அந்த அம்மாவே வந்து என்கிட்ட சொன்னாங்க. ரெண்டு மூணு பேர் அதுக்கப்புறம் பிள்ளைய நிறுத்தினாங்க."

அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"தெரிஞ்சும் ஏன் அன்னைக்கு எனக்கு வடை குடுத்தீங்க?"

"பசிச்சுது. எதிர்ல ஒரு ஆள வச்சிக்கிட்டு தனியா சாப்பிட முடியுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "வலிச்சுதான் இருந்துச்சு. இப்ப சொல்லிட்டல்ல, போதும்" என்றார். புக்கிட் பாடாக் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் அவர் வகுப்புக்குப் போனேன். நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் அடுக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும். தொடங்கும் முன்பு பிள்ளைகள் தரையைத் தொட்டு வணங்குவார்கள். "அவங்கவங்க சாமிய நெனச்சிக்குங்க" என்பார். ஐந்தாறு நொடி எல்லாரும் கண்ணை மூடுவார்கள். அந்த ஹாலில் அப்படி ஒரு அமைதி இருக்கும். என் மாடியில் சிடி கடை இருக்கும் வரை அது கிடைக்காது என்று பொறாமையாக இருந்தது.

அவர் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. பேச்சு வராது. யாராவது சட்டென்று தொட்டால் அலறுவாள். மற்றவர்கள் ஆடும்போது சுவரோரம் போய் நிற்பாள். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்து ஆடச் சொல்லிவிட்டு, அக்கா தரையில் அவளோடு உட்கார்ந்து தாளக் கட்டையை அவள் பக்கம் நகர்த்துவார். அவளாகக் கையை அதன் மேல் வைக்கும் வரை காத்திருப்பார். வைத்த பிறகு மெதுவாகத் தட்டுவார். அதிர்வு கையில் ஏறும்போது அந்தப் பிள்ளையின் தோள் இறங்கும். மூன்றாவது முறை நான் போனபோது, அவள் தானாக எழுந்து நின்று காலைத் தட்டினாள். நான்கு தட்டு. தாளம் தவறவில்லை.

எனக்கும் அவரைப் போல் எண்ணத் தெரியும் என்று காட்ட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இரண்டு வரிதான். "ஒரு மணி நேரத்தில் நீங்கள் கடிகாரத்தை ஒன்பது முறை பார்த்தீர்கள். அந்தப் பிள்ளையோடு இருந்த பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை."

ரயிலில் அதை வாசித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று வீடு போகும் வரை அதிகம் பேசவில்லை. நான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

கடைசி இரண்டு மாதம் தொழில் திட்டமிடும் பாடம். சொல்லிக்கொடுக்க வந்த அம்மா பல வருடம் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து, ஐந்து வருடம் கழித்து, பத்து வருடம் கழித்து என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று எழுத வேண்டும். யாரும் பேனாவை எடுக்கவில்லை. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில உங்க முட்டி நின்னு போச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

பின்னால் இருந்து ஒருவர், "உக்காந்து தாளம் தட்டுவோம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்தார். "சரி, எழுதுங்க" என்றார். அங்கே இருந்த பலருக்கும் என் கதைதான். யாரோ சாவி கொடுத்தார்கள், உடம்பு ஓடும் வரை ஓடுவோம். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

அந்தத் தாளை ரயிலில்தான் நிரப்பினோம். கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் தாளை வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் என்ற இடத்தில், துறைமுக வேலையை விடுவது என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்து எனக்கே பயம். அடித்தேன். மறுபடியும் எழுதினேன். அக்கா தயங்காமல் வேகமாக எழுதி முடித்துவிட்டு, பாடாங் ஜாவா தாண்டும் வரை தாளைக் குப்புறப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் வகுப்ப மூடப் போறேன்" என்றார்.

"ஏன்க்கா? நான் எழுதினதாலயா?"

"நீ எழுதினதால இல்ல. நீ பாத்தத சொன்ன. எனக்கும் தெரிஞ்சிருந்ததுதான். மேடைக்குத் தயார் பண்றது எனக்கு அலுத்துப் போச்சு. பேசாத அந்தப் பிள்ளை மாதிரி பிள்ளைங்களோட வேலை செய்யணும். அதுக்கு நான் இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும். சுங்கை வேயில அவங்களுக்குன்னே ஒரு மையம் இருக்கு. போய்ப் பேசிட்டேன்."

அவர் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"என் பிள்ளைங்கள உன்கிட்ட விடலாமா?"

ஒரு வருடத்துக்கு முன்னால் அவர் வகுப்பு மூடியிருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு அழுதுவிட்டேன். பெட்டியில் இருந்த மலாய்க்கார அக்கா ஒருவர் ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினார்.

அந்த வருட முடிவில் நான் வேலையை விட்டேன். எங்கள் முதலாளி சீனர், வயதானவர், நல்ல மனிதர். என் கடிதத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டான்ஸ் ஆ? போலே மாக்கான் கா?" என்றார். அதில் சோறு கிடைக்குமா என்று கேட்கிறார். "பார்ப்போம் பாஸ்" என்றேன். கடைசி நாளன்று அலுவலகத்தில் கேக் வெட்டி, என்னை ஒரு சுற்று ஆடச் சொன்னார். ஃபைல் அலமாரிக்கும் போட்டோஸ்டாட் இயந்திரத்துக்கும் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினேன். லோரிக்காரர்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள்.

அக்காவின் பிள்ளைகள் இருபத்தாறு பேர் என்னிடம் வந்தார்கள். அவர்களில் அந்த அக்காள் தங்கையும் இருந்தார்கள். அவர்களின் அம்மாவால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படி ஏறும்போதே கைப்பேசியில் யாரிடமோ பேசுவது போல் வந்தார். எனக்குப் பாகற்காய் வாங்கியதெல்லாம் ஞாபகம் வந்தது. "வாங்க, உக்காருங்க" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. பகல் முழுக்க நேரம் கிடந்தது. வேலைக்குப் போய்ப் பழகிய உடம்பு, காலை ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். தப்பு செய்துவிட்டேனோ என்று பல நாள் சமையலறையில் நின்று யோசித்திருக்கிறேன். படிப்பில் சொன்னது நினைவுக்கு வந்து, காலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்கினேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே காத்திருக்கும் அம்மாக்கள் நான்கு பேர்தான் முதலில் சேர்ந்தார்கள். ஐம்பது வயதில் முதல் முறையாகச் சலங்கை கட்டியவர்கள். ஒருவர் முதல் நாள் சலங்கையோடு அப்படியே கடைக்கு இறங்கிப் போய்ச் சிடி கடை அண்ணனிடம் காட்டிவிட்டு வந்தார். அன்று மட்டும் அவர் பாட்டை நிறுத்திவைத்தார். அந்த வகுப்புதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. இன்றும் நடக்கிறது.

சிடி கடை பிறகு கைப்பேசிக் கடை ஆனது. இப்போது ஜூஸ் கடை. மாடி சத்தமில்லாமல் இருக்கிறது. பிள்ளைகள் தாளம் தவறுவதற்கு இப்போது சாக்கு சொல்ல முடிவதில்லை. என் வரிசைகள் கால் மணிக்கு ஒரு முறை மாறும். பின்னால் இருப்பவர்கள் முன்னால் வருவார்கள். நான் இப்போது காரில்தான் கோலாலம்பூருக்குப் போகிறேன். நெரிசலில் நிற்கும்போது பக்கத்தில் ரயில் போனால், ஜன்னலில் யார் இருக்கிறார்கள் என்று என்னை அறியாமல் பார்ப்பேன். அந்த வருடம் முழுக்க எங்களுக்கு வாரத்துக்கு ஒரு மதியம்தான் கிடைத்தது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் யாரோடும் அவ்வளவு பேசியதில்லை.

அக்கா இரண்டு வருடம் படித்து முடித்தார். சுங்கை வே மையத்தில் இப்போது நடனப் பகுதியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். குடும்பத்தோடு அந்தப் பக்கமே குடிபோய்விட்டார். போனில் பேசுவோம். பண்டிகைக்குப் பலகாரம் போகும், வரும். நேரில் பார்ப்பது குறைந்துவிட்டது.

போன வருடம் ஒரு ஞாயிறு மதியம், மையத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கிள்ளானுக்குக் கூட்டிவந்தார். எங்கள் ஆண்டு நிகழ்ச்சியில் ஆட நான்தான் அழைத்திருந்தேன். மேடை ஓரத்தில் நான் உட்கார்ந்து தாளம் போட, அவர் எதிர் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தெரியும்படி கை காட்டினார். நடுவில் ஒரு பிள்ளை ஆடுவதை நிறுத்தி மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நான் பதறி அக்காவைப் பார்த்தேன். அவர் பரவாயில்லை என்று தலையசைத்தார். மற்ற எட்டுப் பேரும் அந்தப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். உட்கார்ந்திருந்த பிள்ளை தரையில் கையால் தாளம் தட்டியது. நான் அந்தக் கையைப் பார்த்துத் தாளம் போட்டு முடித்தேன். மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பிறகு எல்லாரையும் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனோம். ஒன்பது பிள்ளைகளும் அப்பளத்துக்கு அடித்துக்கொண்டார்கள். வேனில் ஏறும் முன்பு அக்கா என் முட்டியைக் காட்டி, "எப்படி இருக்கு?" என்றார்.

"படி ஏறினா சொல்லுது."

"கேட்டுக்க" என்றார்.

வேன் போன பிறகு நான் மெதுவாக ஹாலுக்கு நடந்தேன். ஞாயிறு மட்டும் பெரியவர்கள் வகுப்பு மாலை ஐந்து மணிக்கு. எனக்கு முன்னாலேயே வந்து பாயை விரித்து வைத்திருந்தார்கள்.